ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகத்தில் தெரியும் எலிசபெத் கால நாடக உலகம்

#1 நாடகப்பித்தன்

1603ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு நாடகக் கம்பெனி 'அன்பினால் கொல்லப்பட்ட பெண்' என்ற புது நாடகத்தை மேடையேற்றத் தயாரானது. எழுதியவர் தாமஸ் ஹேவுட். அவருக்குக் கொடுத்த தொகை 6 பவுண்டு. அதே நாடகத்தின் நாயகி உடுத்திக்கொள்ள ஒரு கறுப்பு வெல்வெட் கவுன் எடுத்தார்கள். அதன் விலை 6 பவுண்டு 13 ஷில்லிங் (12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). நாடகத்தைவிட நாயகியின் உடுப்புக்கு விலை அதிகம்.

இந்த இரண்டு செலவுகளும் பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. ஹென்ஸ்லோ எழுத்தாளர் இல்லை, நடிகரும் இல்லை. சாயத் தொழிலில் வேலை பழகி, முதலாளியின் விதவையை மணந்து, அடகுக்கடை, கஞ்சிமாவுத் தொழில், வாடகை வீடுகள் என்று பணம் புரட்டியவர். 1587இல் தேம்ஸ் நதியின் தென்கரையில் 'ரோஸ்' கொட்டகையைக் கட்டினார். அவருடைய வளர்ப்பு மகளை மணந்தவர் அந்தக் காலத்து ராஜபார்ட் நடிகர் எட்வர்ட் ஆலன். ஆலன் பிற்காலத்தில் டல்விச்சில் நிறுவிய கல்லூரியில்தான் மாமனாரின் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. ஹென்ஸ்லோவின் சகோதரர் சுரங்கக் கணக்கு எழுதி மிச்சம் விட்ட அதே புத்தகத்தில்தான் 1592 முதல் இவர் நாடகக் கணக்கை எழுதினார். நாள்வாரி வசூல், எழுத்தாளர்களுக்குக் கொடுத்த முன்பணம், துணி, சரிகை, தச்சுக்கூலி, அனுமதிக் கட்டணம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். 1592 மார்ச் 3ஆம் தேதி ஆறாம் ஹென்றியைப் பற்றிய நாடகம் நடந்தது, அவர் பங்குக்கு வந்தது 3 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்னி என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியவர் யார் என்று ஒரு சொல்கூட இல்லை.

ஆங்கில மறுமலர்ச்சி என்றதும் நாம் கவிதையிலிருந்து தொடங்குகிறோம். இந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கினால் அந்தக் காலம் வேறு மாதிரி தெரிகிறது. அந்த நாடகங்களைச் சாத்தியமாக்கியது ஒரு தொழில். அந்தத் தொழிலில் எழுத்தாளன் கடைசிப் படியில் நின்றான். இதுதான் என் வாதம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

#2 வைகைக்கரை

உடுப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன் ஐயா, அது வெறும் ஆடம்பரச் செலவு இல்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் யார் எந்தத் துணி உடுத்தலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. பட்டு, வெல்வெட், சில நிறங்கள், சில தோல்கள் எல்லாம் அந்தஸ்துக்கு ஏற்பத்தான். 1574இல் எலிசபெத் வெளியிட்ட பிரகடனம் இதை நீளமாக வகுத்துச் சொல்கிறது. 1604இல்தான் இந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. கடைத்தெருவில் வெல்வெட் உடுத்தினால் குற்றமாகக்கூடிய ஒருவன், மேடையில் அரசனாக, சீமாட்டியாக அதையே உடுத்திக்கொண்டு மூவாயிரம் பேர் முன்னால் நின்றான். தரையில் நின்று பார்க்கும் செருப்புத் தொழிலாளிக்கு அத்தனை அருகில் வெல்வெட்டைப் பார்க்கக் கொட்டகையை விட்டால் வேறு இடம் ஏது?

துணி எங்கிருந்து வந்தது என்பதையும் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1599இல் லண்டன் வந்த சுவிஸ்காரர் தாமஸ் பிளாட்டர். பிரபுக்கள் சாகும்போது தங்கள் நல்ல உடைகளை வேலைக்காரர்களுக்கு எழுதி வைப்பார்கள், வேலைக்காரர்கள் அவற்றை உடுத்துவது முறையாகாது என்பதால் நடிகர்களிடம் சொற்ப விலைக்கு விற்றுவிடுவார்கள் என்கிறார். ஆக மேடையில் நடந்த அரசன் உண்மையாகவே ஒரு பிரபுவின் சட்டையைப் போட்டிருக்கலாம்.

1614இல் ராபர்ட் டாஸ் என்ற நடிகர் ஹென்ஸ்லோவிடம் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒத்திகைக்குத் தாமதமாக வந்தால் 1 ஷில்லிங் அபராதம். ஒத்திகைக்கே வராவிட்டால் 2 ஷில்லிங். குடித்துவிட்டு மேடையேறினால் 10 ஷில்லிங். நாடகத்துக்கே வராவிட்டால் 20 ஷில்லிங். கம்பெனி உடுப்பைப் போட்டபடி கொட்டகையை விட்டு வெளியே போனால் 40 பவுண்டு! ஹேவுட்டுக்குக் கொடுத்தது போல ஆறு நாடகத்துக்குக் கொடுத்து, மிச்சமும் வைக்கலாம்.

#3 செங்கீரன்

தகவல்கள் அருமை. ஆனால் முடிவு சரியில்லை. எழுத்தாளன் கடைசிப் படி என்றால் ஷேக்ஸ்பியர் எப்படிப் பணக்காரர் ஆனார்? கையுறை செய்பவரின் மகன், பல்கலைக்கழகப் பக்கமே போகாதவர். 1596இல் குடும்பத்துக்குக் குலச்சின்னம் கிடைத்தது. 1597இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் 'நியூ பிளேஸ்' என்ற பெரிய வீடு. 1602இல் 320 பவுண்டுக்கு 107 ஏக்கர் நிலம். 1605இல் 440 பவுண்டு போட்டுத் தசமபாக வரியில் பங்கு. பட்டினி கிடந்த எழுத்தாளனா இவர்?

#4 நாடகப்பித்தன்

செங்கீரன் தம்பி, நீங்கள் கொடுத்த கணக்கே என் பக்கம்தான் நிற்கிறது. அந்தப் பணம் எதிலிருந்து வந்தது? நாடகம் ஒன்றுக்கு 6 பவுண்டு வீதம், வருஷத்துக்கு இரண்டு எழுதி 440 பவுண்டு சேர்க்க எத்தனை காலம் ஆகும்? ஷேக்ஸ்பியர் கம்பெனியின் பங்குதாரர். 1599இல் கம்பெனிக்குக் குளோப் என்ற கொட்டகையைக் கட்டியபோது பாதி பங்கு பர்பேஜ் சகோதரர்கள் இருவருக்கு, மீதிப் பாதி ஐந்து நடிகர்களுக்கு. அந்த ஐவரில் ஷேக்ஸ்பியர் ஒருவர். கொட்டகையிலேயே பத்தில் ஒரு பங்கு. தினசரி வசூலில் அவருக்குப் பாத்தியதை இருந்தது. அவரைப் பணக்காரர் ஆக்கியது அந்தப் பங்கு. அப்படிப் பங்கு வைத்திருந்த நாடகாசிரியர்கள் மிகச் சிலர்.

பங்கு இல்லாதவர்களின் கதி என்ன? தாமஸ் டெக்கரைப் பாருங்கள். 1598 பிப்ரவரியில் கடனுக்காகச் சிறையில் கிடந்தவரை மீட்க ஹென்ஸ்லோ 40 ஷில்லிங் கொடுத்ததாகக் கணக்கில் இருக்கிறது. பின்னால் ஏறத்தாழ ஏழு வருஷம் கடன்காரர் சிறையிலேயே இருந்தார். நேதன் ஃபீல்ட், ராபர்ட் டாபோர்ன், ஃபிலிப் மாசிஞ்சர் மூவரும் சேர்ந்து சிறையிலிருந்து ஹென்ஸ்லோவுக்கு எழுதிய கடிதம் டல்விச்சில் இருக்கிறது. 5 பவுண்டு அனுப்பினால்தான் வெளியே வர முடியும், நாடகத்துக்கு வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அவர்களுடைய நாடகங்களை முன்பு போல என்னால் படிக்க முடியவில்லை.

இது தற்செயல் இல்லை. 1615இல் நடிகர்கள் ஹென்ஸ்லோ மேல் எழுதிய புகார்ப் பட்டியலில், 'இவர்கள் என் கடனிலிருந்து வெளியே வந்துவிட்டால் இவர்களை நான் அடக்கி ஆள முடியாது' என்ற பொருளில் அவரே சொன்னதாகக் குற்றம் சாட்டுகிறார்கள். கடன்தான் அங்கே கடிவாளம்.

இன்னொன்று. நாடகத்தை விற்றபின் எழுத்தாளனுக்கு அதில் உரிமை எதுவும் கிடையாது. கம்பெனி வைத்துக்கொள்ளலாம், திருத்தலாம், வேறொருவரைக் கொண்டு காட்சி சேர்க்கலாம், அச்சகத்துக்கு விற்கலாம். 1594இல் 'டைட்டஸ் அண்ட்ரானிக்கஸ்' அச்சானபோது முகப்பில் நடித்த கம்பெனிகளின் பெயர்கள் இருந்தன. எழுதியவர் பெயர் இல்லை. ஷேக்ஸ்பியர் பெயர் நாடக முகப்பில் ஏற 1598 வரை ஆனது. ஹேவுட் தன் கடைசிக் காலத்தில், 220 நாடகங்களில் தன் முழுக் கையோ குறைந்தது ஒரு முக்கிய விரலோ இருந்தது என்று எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை.

#5 தேம்ஸ்கரையான்

நான் லண்டனிலை இருக்கிறன். ரோஸ் கொட்டகை இருந்த இடத்தைப் பார்த்திருக்கிறன், அதைப் பற்றிச் சொல்லலாம் எண்டு நினைச்சன். பார்க் ஸ்ட்ரீட்டிலை ஒரு அலுவலகக் கட்டடத்துக்குக் கீழே இருக்குது. 1989இல அந்தக் கட்டடம் கட்ட அத்திவாரம் தோண்டேக்கைதான் ரோஸின்ரை அடித்தளம் வெளியிலை வந்தது. நடிகர்களும் பொதுசனமும் திரண்டு நிண்டு மறிச்சதாலைதான் தப்பினது. மண்ணையும் கொங்கிரீட்டையும் மேலே போட்டு, காய்ஞ்சு வெடிக்காமல் இருக்கத் தண்ணியையும் விட்டு வைச்சிருக்கினம். சிவப்பு விளக்கு வரிசையாலை கொட்டகையின்ரை வளைவைக் காட்டினம். பார்த்தால் சின்ன இடம். ஆலன் இதிலை நிண்டு நாடகாசிரியர் மார்லோவின்ரை வசனத்தைப் பேசினவர் எண்டு நினைக்கேக்கை உடம்பு சிலிர்க்குது.

தோண்டினவையள் எடுத்ததிலை முக்கியமானது இரண்டு: ஏராளமான ஹேசல் கொட்டைக் கோதும், உடைஞ்ச சின்ன மண் உண்டியல்களும். காசு சேர்க்கிறவை வாசல்லை நிண்டு அந்த உண்டியலுக்குள்ளை பென்னியை வாங்கிப் போடுவினம். நாடகம் துவங்கினாப் பிறகு உடைச்சுத்தான் எண்ண வேணும். காசு சேர்க்கிற வேலையிலை பெண்களும் இருந்தவை.

குளோப்பின்ரை கதையும் காசுக் கதைதான். 1576இல ஜேம்ஸ் பர்பேஜ் ஷோர்டிச்சிலை 21 வருஷக் குத்தகை நிலத்திலை 'தி தியேட்டர்' எண்ட கொட்டகையைக் கட்டினவர். பாதிக்கு மேலே காசு போட்டது அவற்றை மச்சான், மளிகை வியாபாரி ஜான் பிரெயின். இவர் அதுக்கு முன்னமே, 1567இல 'ரெட் லயன்' எண்ட கொட்டகையைக் கட்டிப் பார்த்தவர். 1586இல செத்துப்போனார். அவற்றை விதவை மார்கரெட் தன்ரை பங்கைக் கேட்டு நீதிமன்ற உத்தரவோடை 1590இல வாசலுக்கு வந்து நிண்டா. பர்பேஜ் குடும்பம் திட்டி விரட்டினது. மகன் ரிச்சர்ட் கையிலை விளக்குமாத்துத் தடி, மார்கரெட்டோடை வந்த ஆளுக்கு அடி விழுந்தது. பின்னாலை ஹாம்லெட்டாய் நடிச்ச அதே ரிச்சர்ட் பர்பேஜ்தான். வழக்குச் சாட்சியத்திலை இதெல்லாம் இருக்குது.

குத்தகை முடிஞ்சு நிலக்காரன் கைல்ஸ் ஆலன் (நடிகர் ஆலன் இல்லை) புதுப்பிக்க மறுத்தான். 1598 டிசம்பர் 28, பீட்டர் ஸ்ட்ரீட் எண்ட தச்சனோடை போய் முழு மரச்சட்டத்தையும் கழட்டினவை. அதே மரத்தாலைதான் தென்கரையிலை குளோப் எழும்பினது. மார்கரெட் அதைப் பார்க்க உயிரோடை இல்லை. அவ பிளேக்கிலை செத்து அஞ்சு வருஷம்.

#6 மீனா

தேம்ஸ்கரையான் அண்ணா, மார்கரெட் பிரெயினைக் கொண்டுவந்ததற்கு நன்றி. அரசியை விட்டால் இந்த இழையில் பெண் பெயர் இப்போதுதான் வருகிறது, அதுவும் அடிவாங்கிய பக்கத்தில்.

முதல் பதிவில் அந்தக் கறுப்பு வெல்வெட் கவுனைப் போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பையன். பொதுக் கொட்டகை மேடையில் தொழில்முறையாகப் பெண்கள் நடிக்க 1660 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்திரீபார்ட் முழுக்க அப்ரண்டிஸ் பையன்கள். கிளியோபாட்ராவையும் லேடி மேக்பெத்தையும் முதலில் பேசியது குரல் உடையாத வாய்கள்.

பெரியவர்கள் கம்பெனியில் பையன்களுக்கு ஒரு குருவாவது இருந்தார். பையன்கள் மட்டுமே நடித்த பாய்ஸ் கம்பெனிகளின் கதை மோசம். அரச தேவாலயத்துப் பாடகர் குழுவுக்குச் சிறுவர்களைப் பிடித்துக்கொள்ள அரசி கொடுத்த அதிகாரம் ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு பிளாக்ஃபிரையர்ஸ் கொட்டகைக்காரர்கள் நடிக்கவும் பையன்களைப் பிடித்தார்கள். 1600 டிசம்பரில் தாமஸ் கிளிஃப்டன் என்ற பதின்மூன்று வயதுப் பையன் பள்ளிக்கூடம் போகும் வழியில் தூக்கிச் செல்லப்பட்டான். அப்பா ஹென்றி கிளிஃப்டன், நார்ஃபோக்கைச் சேர்ந்த கனவான். கொட்டகைக்கு ஓடிப் போய்க் கேட்டார். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்றார்கள். அவர் கண்ணெதிரிலேயே பையன் கையில் வசனத் தாளைக் கொடுத்து, மனப்பாடம் பண்ணாவிட்டால் சவுக்கடி என்று மிரட்டினார்கள். அப்பாவுக்குச் செல்வாக்கு இருந்ததால், அரசியின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலின் உறுப்பினர் ஒருவர் தலையிட்டு மறுநாளே பையன் வீடு திரும்பினான்.

அவர் நீதிமன்றத்தில் கொடுத்த புகாரில் இதே மாதிரி பிடிக்கப்பட்ட வேறு பையன்களின் பெயர்களும் உண்டு. அவர்களுடைய அப்பாக்களுக்குக் கவுன்சிலில் ஆள் இல்லை. அதில் ஒருவன் சாலமன் பேவி. 1602இல், பதின்மூன்று வயதளவில் இறந்துபோனான். கிழவர் வேஷத்தை அத்தனை நன்றாக நடித்ததால் விதி தேவதைகளே அவனை உண்மையான கிழவன் என்று நினைத்துக் கொண்டுபோய்விட்டன என்று பென் ஜான்சன் இரங்கற்பா எழுதினார். அழகான பா என்று எல்லாத் தொகுப்பிலும் சேர்க்கிறார்கள். அந்தப் பையன் எப்படி அந்த மேடைக்கு வந்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொருவன் நேதன் ஃபீல்ட். மேலே சிறையிலிருந்து 5 பவுண்டு கேட்டு எழுதினாரே, அவரேதான். அப்பா ஜான் ஃபீல்ட் நாடகம் பாவம் என்று எழுதிய பியூரிட்டன் (கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவு) போதகர்.

#7 நூலகத்தான்

பையன்களின் மனப்பாடம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். நடிகன் எவனுக்கும் முழு நாடகம் கையில் கிடைக்காது. கையால் நகலெடுப்பது செலவு, போட்டிக் கம்பெனிக்குப் போய்விடும் என்ற பயம் வேறு. தன் வசனமும், அதற்கு முன்னால் எதிராளி பேசி முடிக்கும் இரண்டு மூன்று சொற்களும் மட்டும் எழுதிய நீளமான சுருள்தான் கொடுப்பார்கள். ஆலன் 'ஒர்லாண்டோ ஃபூரியோசோ' நாடகத்துக்கு வைத்திருந்த சுருள் டல்விச்சில் இருக்கிறது. அந்தக் காலத் தொழில்முறை நடிகனின் சுருள் என்று நமக்குக் கிடைத்திருப்பது அதுதான்.

இதோடு வேலைப்பளுவைச் சேர்த்து யோசியுங்கள். 1594-95 பருவத்தில் ஆலனின் கம்பெனி வாரம் ஆறு நாள் நடித்தது. மொத்தம் 38 நாடகங்கள், அதில் 21 புதியவை. இன்று நடந்தது நாளை கிடையாது. மூன்று வாரத்துக்கு ஒரு புது நாடகத்துக்கு மேல் மனப்பாடம், கூடவே பழசுகளையும் மறக்கக் கூடாது. இன்று நாம் வழக்கமாகச் செய்கிற மாதிரியான நீண்ட ஒத்திகைக்கு அங்கே நேரமே இல்லை. ஷேக்ஸ்பியரின் வசனத்திலேயே எப்போது கத்த வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பொதிந்து கிடப்பதற்கு இதுவும் காரணம் என்பது என் எண்ணம். தொழிலின் நெருக்கடி கவிதைக்குள்ளேயே போய்விட்டது.

#8 செங்கீரன்

பங்கு விஷயத்தில் நாடகப்பித்தன் ஐயா சொன்னது நியாயம். ஆனாலும் காசு மட்டும் போதாது, அதிகாரத்தையும் சேர்க்க வேண்டும். 1572 சட்டப்படி பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாத நடிகன் ஊர்சுற்றிப் பிச்சைக்காரனுக்குச் சமம். சவுக்கடி, காதில் சூடு. 'லார்ட் சேம்பர்லின் ஆட்கள்', 'அட்மிரல் ஆட்கள்' என்று கம்பெனிகள் பிரபுவின் பெயரைச் சுமந்தது அந்தச் சவுக்குக்குப் பயந்து.

எழுதியதை எல்லாம் எட்மண்ட் டில்னி படித்தாக வேண்டும். 1579 முதல் 1610 வரை அரச கேளிக்கை அதிகாரி. படித்து அனுமதிக்க ஹென்ஸ்லோவிடம் நாடகத்துக்கு 7 ஷில்லிங் வாங்கியிருக்கிறார். அவர் கைப்பட எழுதிய தணிக்கைக் குறிப்பு 'சர் தாமஸ் மோர்' என்ற நாடகத்தின் கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. 1517இல் வெளிநாட்டவருக்கு எதிராக லண்டனில் நடந்த கலவரம்தான் அவர் குறிப்பு எழுதிய காட்சி. கலவரத்தை முழுதாக எடுத்துவிடு, உன் ஆபத்து உன் பொறுப்பு என்று ஓரத்தில் எழுதுகிறார்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 1593 மே மாதம் லண்டன் டச்சு தேவாலயச் சுவரில் அகதிகளை மிரட்டி ஒரு பாட்டு ஒட்டப்பட்டது. கீழே கையெழுத்து 'டேம்பர்லேன்', மார்லோ நாடகத்தின் நாயகன் பெயர்! விசாரணையில் நாடகாசிரியர் தாமஸ் கிட் பிடிபட்டார். அறையில் கிடைத்த மதவிரோதத் தாள்கள் மார்லோவுடையவை, இருவரும் ஒரே அறையில் எழுதியபோது கலந்துவிட்டன என்றார். சித்திரவதைக்கு ஆளானவர் மறு வருஷம் இறந்தார். மார்லோ கவுன்சில் முன் ஆஜராகி, மே 30 அன்று டெட்ஃபோர்டில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். வயது 29. சாப்பாட்டுக் கணக்குத் தகராறு என்றது மரண விசாரணை. கூட இருந்த மூவரில் ஒருவர் அரசாங்க உளவு வேலை செய்தவர் என்பதால் அதை நம்பாதவர்கள் இன்றும் உண்டு.

'சர் தாமஸ் மோர்' பிரதியில் மூன்று பக்கம் ஷேக்ஸ்பியரின் கையெழுத்து என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். அங்கே மோர் கலவரக் கூட்டத்தைப் பார்த்து, முதுகில் குழந்தைகளைச் சுமந்து மூட்டை முடிச்சோடு துறைமுகத்துக்கு நடக்கும் அந்த அந்நியர்களை நினைத்துப் பாருங்கள் என்கிறார். நாளை உங்களை நாடுகடத்தினால் எந்த நாடு உங்களுக்கு இடம் கொடுக்கும் என்று கேட்கிறார். அகதிகள் மேல் வெறுப்பு கொதித்த நகரத்தில், அந்த நகரத்து மேடைக்காகவே எழுதிய வரிகள்.

#9 வைகைக்கரை

டில்னியைக் கெட்டவராக மட்டும் பார்க்க வேண்டாம் செங்கீரன். நாடகத்தை அடியோடு ஒழிக்க விரும்பியது லண்டன் மேயரும் நகர சபையும். அதனால்தான் கொட்டகைகள் நகர எல்லைக்கு வெளியே ஷோர்டிச்சிலும் சவுத்வார்க்கிலும், கரடிச் சண்டைக் களத்துக்கும் விபசார விடுதிகளுக்கும் பக்கத்தில் எழுந்தன. அரண்மனைக்குக் கிறிஸ்துமஸ் காலத்தில் நாடகம் வேண்டும். நடிகர்கள் பழகிக்கொள்ள மக்கள் முன் ஆடட்டும் என்ற வாதத்தில்தான் கொட்டகைகள் பிழைத்தன. டில்னியின் முத்திரை இருந்தால் மேயரால் கை வைப்பது கடினம். தணிக்கை அவர்களைக் கட்டியது, காத்தது, இரண்டையும் செய்தது.

1601 பிப்ரவரி 7ஐ நினைத்துப் பாருங்கள். எஸ்ஸெக்ஸ் பிரபுவின் ஆட்கள் வழக்கத்துக்கு மேல் 40 ஷில்லிங் கொடுத்து, அரசன் முடி இழக்கும் இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்தைக் குளோபில் போடச் சொன்னார்கள். மறுநாள் அரசிக்கு எதிராக எஸ்ஸெக்ஸின் கலகம். அந்த மாதமே எஸ்ஸெக்ஸின் தலை போனது. கம்பெனி சார்பில் அகஸ்டின் ஃபிலிப்ஸ் விசாரணைக்குப் போனார். அது பழைய நாடகம், கூட்டம் வராது என்றுதான் தயங்கினோம், கூடுதல் காசு கொடுத்ததால் போட்டோம் என்றார். விட்டுவிட்டார்கள்! எஸ்ஸெக்ஸின் தலை விழுவதற்கு முந்தின நாள் அதே கம்பெனி அரசியின் முன்னால் நடித்தது. வியாபாரிகள் என்ற அந்தஸ்தே அன்று அவர்களைக் காப்பாற்றியது.

#10 மீனா

பார்த்தவர்கள் யார்? ஏழைகளின் கலை என்று எல்லோரும் சொல்கிறோம். பிற்பகல் இரண்டு மணிக்கு நாடகம். அந்த நேரத்தில் கூலித் தொழிலாளி வேலையில் இருக்க மாட்டானா?

#11 நூலகத்தான்

ஆய்வாளர்களே இரண்டு கட்சி. எனக்குப் படுவது இது. தரையில் நிற்க 1 பென்னி, மாடத்தில் உட்கார இன்னொரு பென்னி, மெத்தை போட்ட நல்ல இடத்துக்கு மூன்றாவது பென்னி. கைத்தொழிலாளியின் நாள் கூலி ஏறக்குறைய 12 பென்னி. முடியாத செலவு இல்லை, யோசிக்காமல் செய்யும் செலவும் இல்லை. 1594 முதல் நான்கு வருஷம் தொடர்ந்து விளைச்சல் பொய்த்தபோது ஒரு பென்னி ரொட்டியின் எடை குறைந்துகொண்டே போனது. தரைக் கட்டணம் மட்டும் பல பத்தாண்டுகள் அதே 1 பென்னி. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அப்ரண்டிஸ்கள் கொட்டகையில் கிடக்கிறார்கள் என்று நகர சபை திரும்பத் திரும்பப் புகார் எழுதியது, ஆகவே அவர்கள் வந்தார்கள். பெண்கள் வந்ததும் உறுதி.

பிளாக்ஃபிரையர்ஸ் போன்ற கூரை போட்ட அரங்கத்தில் கதை வேறு. குறைந்த கட்டணமே 6 பென்னி. மெழுகுவத்தி வெளிச்சம், மேடையிலேயே முக்காலி போட்டு உட்காரும் கனவான்கள். 1607 வாக்கில் ஃபிரான்சிஸ் போமாண்ட் அங்கே போட்ட 'எரியும் உலக்கை வீரன்' நாடகத்தில் ஒரு மளிகைக்காரரும் மனைவியும் பார்வையாளர் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, எங்கள் மாதிரி ஆட்களைப் பற்றி நாடகம் போடு என்று சண்டை பிடித்துத் தங்கள் கடைப்பையனை நடிக்க வைப்பார்கள். அந்த நாடகம் முதலில் படுதோல்வி. இரண்டு வகுப்பும் ஒரே கூரையின் கீழ் முகம் பார்த்துக்கொண்ட சங்கடம் அதில் தெரிகிறது.

#12 தேம்ஸ்கரையான்

பிளேக்கை ஒருத்தரும் சொல்லேல்லை. 1592 முதல் 94 வரை பெரும்பகுதி கொட்டகை பூட்டு. 1603இல லண்டனிலை ஏறத்தாழ 30,000 சாவு. அந்த ஹேவுட் நாடகத்துக்குக் கவுன் வாங்கி எழுதின மை காய முதல் ரோஸும் பூட்டினது. ஹென்ஸ்லோவின்ரை நாடகக் கணக்கும் அந்த வருஷத்தோடை அனேகமாய் நிக்குது. பூட்டின காலத்திலை பங்குதாரருக்குச் சேமிப்பு இருந்தது. கூலி நடிகன் வண்டில் தள்ளிக்கொண்டு ஊரூராய்ப் போனான், இல்லாட்டிப் பட்டினி.

#13 வெண்பாப்பிரியை

அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் ஷேக்ஸ்பியர் மட்டும்தான் பாடம். இந்த இழையைப் படித்தபின் மற்றவர்களைத் தொட ஆசை. எதில் தொடங்கலாம்?

#14 நாடகப்பித்தன்

டெக்கரின் 'செருப்புத் தொழிலாளியின் விடுமுறை'. 1599இல் அதற்காக ஹென்ஸ்லோ கணக்கில் 3 பவுண்டு எழுதப்பட்டிருக்கிறது. பட்டறை, கூலி, முதலாளியம்மாவின் பேச்சு, அயல்நாட்டுத் தொழிலாளி என்று வேடம் போட்டு வேலை கேட்கும் பிரபு குலத்துப் பையன், போரில் கால் ஊனமாகித் திரும்பும் ரேஃப். கொண்டாட்டமான நாடகம்தான், ஆனால் ரேஃபை விட்டுவிடாதீர்கள். அவன் திரும்பி வரும்போது மனைவியைக் காணோம். ஒரு பணக்காரன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயாராகி, அவள் செருப்பு ஒன்றை அளவுக்காக இவன் வேலை செய்யும் பட்டறைக்கே அனுப்புகிறான். அது தான் செய்து கொடுத்த செருப்பு என்று ரேஃபுக்குத் தெரிகிறது. கடன்காரன் வாசலில் நின்ற காலத்தில் டெக்கர் எழுதியது இது.

#15 மீனா

நான் 'ஃபேவர்ஷாம் ஆர்டன்' என்பேன். 1592இல் அச்சானது, ஆசிரியர் பெயர் கிடையாது. கெண்ட் பகுதியில் 1551இல் உண்மையாக நடந்த கொலை. மனைவி ஆலிஸும் காதலன் மாஸ்பியும் சேர்ந்து கணவர் ஆர்டனைக் கொல்கிறார்கள். ஆலிஸை உயிரோடு எரித்தார்கள். அரசன், அரசி யாரும் இல்லை, வீடும் சாப்பாட்டு மேசையும் நிலத் தகராறும்தான். ஆர்டன் மடாலய நிலத்தை வளைத்துப் போட்டவர். அந்த நிலத்தைப் பறிகொடுத்த ரீடு என்பவன் அவரைச் சபிக்கும் காட்சியைக் கவனியுங்கள். கடைசியில் பிணம் கிடப்பதும் அதே நிலத்தில்தான். நடுவில் ஒரு காட்சி ஷேக்ஸ்பியருடையது என்று சிலர் வாதிடுகிறார்கள். செங்கீரன் அதை ஏற்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

#16 செங்கீரன்

ஏற்கிறேன் அக்கா, எட்டாவது காட்சியை மட்டும். ஆலிஸும் மாஸ்பியும் சண்டை போட்டுச் சமாதானமாகும் அந்த இடம். மற்றக் காட்சிகளில் வேறு கை தெரிகிறது. தனி இழை திறக்கிறேன், வசனங்களை எடுத்து வைத்துப் பேசுவோம்.